கதவு தட்டி நன்கொடை கேட்கும் வேலை: வாய் இருந்தால் போதுமா?

வாசல்படி | 3 ஜூன் 2025

சென்னையில் தொண்டு நிறுவனங்களுக்கு மாத நன்கொடையாளர் சேர்க்க வீடு வீடாகப் போகும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "வாய் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்." படிவம், வங்கி, ரசீதெல்லாம் ஆபீஸ் பார்த்துக்கொள்ளுமாம். களத்தில் நிற்பவர் பேச்சை மட்டும் தீட்டிக்கொண்டால் போதுமாம். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள். "நான் சேர்ந்த முதல் நாள்" கதைகள் வேண்டாம், வேலை எப்படி நடக்கிறது என்பது மட்டும்.

ரசீதுக்கட்டு | 3 ஜூன் 2025

தப்பு. வாசலில் கிடைக்கும் "சரிப்பா, போட்டுக்கோ" காசு இல்லை. கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டால்தான் காசு. நடுவில் படிவம் இருக்கிறது. மாதாமாதம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ள வங்கிக்குக் கொடுக்கும் அனுமதிப் படிவம்தான் நாச் மேண்டேட். காகித மேண்டேட் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள்:

கையெழுத்து முதலில். பல வருடம் முன்பு மேஜையில் உட்கார்ந்து வங்கியில் போட்ட கையெழுத்தும், இன்று அட்டையைக் கதவில் சாய்த்து நின்றபடி போடும் கையெழுத்தும் ஒன்றாக இருக்காது. இப்போது தமிழில் கையெழுத்திடுபவர் கணக்கு திறந்தபோது ஆங்கிலத்தில் போட்டிருக்கலாம். "பேங்க்ல எப்படிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை நீட்ட வேண்டும். உட்கார்ந்து போடச் சொல்லுங்கள், படிக்கட்டிலாவது.

அடுத்தது கூட்டுக் கணக்கு. இருவரும் சேர்ந்து இயக்கும் கணக்கென்றால் இரண்டு கையெழுத்து. கணவர் ஆபீசில் இருந்தால் அன்று அந்தப் படிவம் முடியாது. முடிந்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையின் குறியீடு. பெரியவர்கள் பீரோவிலிருந்து எடுத்துத் தரும் செக் புக் பழையதாக இருக்கும். ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் 2020 ஏப்ரலில் சேர்ந்தன. கரூர் லக்ஷ்மி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. பழைய செக்கில் அச்சாகியிருக்கும் குறியீடு இப்போது செல்லாது. இப்போதைய பாஸ்புக்கையோ வங்கியின் செயலியையோ பார்த்து எழுதுங்கள்.

அடித்தல் திருத்தல். தொகை எண்ணில் 600 என்றால் எழுத்தில் அறுநூறு. ஒன்றில் பிசகினால் மேலே எழுதித் திருத்தாமல் புதுப் படிவம் எடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 படிவம் கொண்டுபோனால் அதில் 3 இதற்கே போகும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வங்கி ஏற்றுக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்காரருக்கு உங்கள் முகமே மறந்துபோயிருக்கும்.

இரண்டாம்மாடி | 4 ஜூன் 2025

படிவம் வரை போவதற்கே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி.

மணியை ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கதவுக் கண்ணாடித் துளையில் முழு ஆளும் தெரிகிற மாதிரி நில்லுங்கள். அடையாள அட்டை மார்புக்கு மேலே, சட்டைப் பைக்குள் இல்லை. கிரில் பூட்டியிருந்தால் பூட்டியே இருக்கட்டும், திறக்கச் சொல்வது பெரிய தப்பு. பேசுவது எல்லாம் கிரிலுக்கு வெளியே இருந்தே நடக்கும். கோலத்தை மிதித்தால் அந்த வீடு முடிந்தது.

லேஸ் கட்டும் ஷூ வேண்டாம். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் செருப்பைக் கழற்ற மூன்று விநாடி, ஷூவுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் மனம் மாறிவிடும்.

அப்பார்ட்மெண்ட் என்றால் முதலில் அசோசியேஷன் செயலாளர், பிறகு செக்யூரிட்டி, கடைசியில்தான் வீடுகள். செயலாளரிடம் கடிதம் கொடுத்து ஞாயிறு காலை 10 முதல் 1 வரை அனுமதி வாங்குவது நல்லது. லிஃப்டில் மேல் மாடிக்குப் போய்ப் படியில் இறங்கிக்கொண்டே வாருங்கள். கீழிருந்து ஏறினால் நான்காம் மாடிக்குள் மூச்சு வாங்கும், மூச்சு வாங்குகிற ஆளை யாரும் நம்புவதில்லை.

வீட்டு வரிசைத் தாளில் நான்கு குறி போதும்: ஆள் இல்லை, வேண்டாம், பிறகு, முடிந்தது. தாளில் மட்டும். சுவரிலோ கேட்டிலோ சாக்பீஸ் குறி போடவே கூடாது. திருடர்கள் நோட்டம் பார்த்துக் குறி வைத்ததாகத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் படம் போய்விடும், அப்புறம் அந்த ஏரியாவுக்குள் ஆறு மாதம் தலைகாட்ட முடியாது.

வாசல்படி | 4 ஜூன் 2025

செருப்பிலிருந்து சாக்பீஸ் வரை வந்தாச்சு, பேச்சைக் காணோம்!

இரண்டாம்மாடி | 4 ஜூன் 2025

பேச்சு: முதல் பத்து விநாடியில் பெயர், நிறுவனம், எதற்காக வந்திருக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும். "நாங்க எதுவும் கேக்க வரல, விழிப்புணர்வு மட்டும்தான்" என்று தொடங்கச் சொல்லித் தரும் டீம் லீடர்கள் இருக்கிறார்கள். ஏழாவது நிமிடத்தில் பணம் கேட்கப் போகிறவர் முதல் நிமிடத்தில் பணம் வேண்டாம் என்றால் அது பொய். நன்கொடையாளருக்கு அது உறைப்பது அன்று இரவு சாப்பிடும்போது. மறுநாள் காலை ரத்து.

கூப்பிடும் முறையும் பேச்சில் சேர்த்திதான். ஆண்களுக்கு சார். வயதான பெண்களுக்கு அம்மா. மற்ற பெண்களுக்கு மேடம். ஆன்ட்டி வேண்டவே வேண்டாம், நாற்பது வயதுக்காரர் கதவைச் சாத்த அந்த ஒரு சொல் போதும். செக்யூரிட்டிக்கு "யோவ்" இல்லை, அண்ணே.

கூட்டல்கழித்தல் | 7 ஜூன் 2025

பேச்சுக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வைத்துக்கொண்ட எண்கள்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு களப்பணியாளருக்கு மாதச் செலவு எல்லாம் சேர்த்து (சம்பளம், பெட்ரோல், டேப்லெட், டீம் லீடரின் பங்கு, பயிற்சி) ரூ. 40,000. அவர் மாதம் 15 பேரைச் சேர்க்கிறார், ஆளுக்கு ரூ. 600. ஒரு நன்கொடையாளரைச் சேர்க்கும் செலவு ரூ. 2,667. ஐந்தாவது பிடித்தத்திலிருந்து நிறுவனத்துக்கு லாபம். ஆக பேச்சாளி 15ஐ 20 ஆக்கினால் நான்காவது பிடித்தத்திலேயே எடுத்துவிடலாம். வாசல்படி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

கூட்டல்கழித்தல் | 9 ஜூன் 2025

மேலே போட்டது தப்புக் கணக்கு. சேர்ந்த 15 பேரும் பணம் கட்டுவதாக வைத்துவிட்டேன். ரசீதுக்கட்டு சொன்ன காரணங்களால் 4 படிவம் விழுந்தால் முதல் பிடித்தத்தில் இருப்பது 11 பேர். பிறகும் சொட்டுச் சொட்டாகக் கழிவார்கள். மாத வாரியாக 11, 10, 9, 9, 8, 8, 7, 7 என்று வைத்தால் ஏழு மாதத்தில் வருவது 62 தவணை, அதாவது ரூ. 37,200. எட்டாவது மாதம்தான் ரூ. 41,400 ஆகி, போட்ட காசு திரும்புகிறது. முதல் ஆண்டிலேயே பாதிப் பேர் வரை விலகிவிடுவார்கள் என்பது பல நாடுகளில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொள்கிற அளவு, எனவே இது ஒன்றும் மிகையான கணக்கு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது: பேச்சால் கூடுதலாக 5 பேரைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த 5 பேரும் இரண்டாம் மாதம் போய்விட்டால், எண்ணிக்கை 20, பணம் கிட்டத்தட்ட பழையபடி. ஊக்கத்தொகை மட்டும் 20க்குக் கொடுத்தாகிவிட்டது. அதனால்தான் தொண்டு நிறுவனத்துக்காகக் களப்பணியாளர்களை வைத்து ஆள் சேர்த்துத் தரும் ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தங்களில், முதல் சில பிடித்தம் வராவிட்டால் கட்டணத்தைத் திரும்பக் கழித்துக்கொள்ளும் ஷரத்து இருக்கும். அந்த ஷரத்து ஏஜென்சி வழியாகக் களப்பணியாளர் ஊக்கத்தொகை மேலேயும் வந்து விழும். சேரும்போது சம்பளப் பேச்சில் இதை யாரும் வாயால் சொல்வதில்லை, தாளில் பாருங்கள்.

வாசல்படி | 9 ஜூன் 2025

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வரிச்சலுகை உண்டு, பாதிப் பணம் திரும்ப வந்துடும்" என்று சொன்னால் ஆள் நிலைக்கும் அல்லவா? அதுவும் பேச்சுதானே.

ரசீதுக்கட்டு | 10 ஜூன் 2025

அந்த வசனத்தைச் சொல்பவரை முதலில் களத்திலிருந்து எடுக்க வேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் பாதித் தொகை வருமானத்திலிருந்து கழிக்கப்படும். பாதிப் பணம் கைக்கு வராது. மாதம் 600 என்றால் வருடம் 7,200. அதில் பாதி 3,600 வரிக்குரிய வருமானத்தில் குறையும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 720, செஸ் சேர்த்தால் சுமார் 749. 30 சதவீதக்காரருக்கு சுமார் 1,123. அவ்வளவுதான். பெரிய தொகை கொடுப்பவருக்கு மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்கிற உச்சவரம்பும் உண்டு.

அதைவிடப் பெரிய ஓட்டை: புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. இப்போது மாறாமல் விட்டால் எல்லோரும் புதிய முறையில்தான். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சார், பழைய ரெஜிமா, புதுசா?" புதுசு என்றால் வரி பற்றி அதோடு நிறுத்துங்கள்.

பழைய முறை என்றால் பான் எண்ணை அட்டையைப் பார்த்து எழுதுங்கள், சொல்லக் கேட்டு எழுத வேண்டாம். நிறுவனம் ஒவ்வொரு ஆண்டும் மே 31க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்குக் கொடுத்து, அதிலிருந்து 10பிஇ சான்றிதழை எடுத்துத் தரும். கழிவு கேட்க அந்தச் சான்றிதழ்தான் வேண்டும், நீங்கள் வாசலில் கிழித்துக் கொடுக்கும் ரசீது போதாது. வாசலில் ஒரு எழுத்து மாறினால் அது தெரிய வருவது அடுத்த ஜூன் மாதம், அவர் ஆடிட்டர் கேட்கும்போது.

ரொக்கம்: ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குக் கழிவு இல்லை. "பேரெல்லாம் வேண்டாம்பா, வச்சுக்கோ" என்று 500 ரூபாயை நீட்டுபவர்களும் உண்டு. தர்மம் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள், வருமான வரித் துறைக்குத் தெரிய வேண்டும். பெயர், முகவரி இல்லாத நன்கொடை மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு நிறுவனம் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும்.

இரண்டாம்மாடி | 12 ஜூன் 2025

நேரம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பயிற்சிக் கையேடுகளில் "மாலை 5 முதல் 8 வரை சிறந்த நேரம்" என்று இருக்கும். மும்பையிலோ டெல்லியிலோ எழுதியதாக இருக்கும். இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று பார்ப்பவர்கள் ஏராளம். வெள்ளிக்கிழமை என்றால் நாள் முழுக்கவே. மேண்டேட்டில் இன்று பணம் பிடிக்க மாட்டார்கள் என்று விளக்கிப் பயனில்லை, கையெழுத்தும் கொடுப்பதில்தான் சேர்த்தி. வெள்ளி மாலையில் புது வீடுகளைத் தட்டாமல், "பிறகு" என்று குறித்த வீடுகளுக்குப் போன் செய்து சனிக்கிழமைக்கு நேரம் வாங்குங்கள். 6 முதல் 6:45 வரை எந்த நாளிலும் டீ குடிக்கப் போகலாம்.

வாசல்படி | 12 ஜூன் 2025

டீ என்றதும் ஞாபகம். வீட்டில் தண்ணீர் கேட்பது நல்ல உத்தி என்கிறார்களே?

இரண்டாம்மாடி | 12 ஜூன் 2025

நல்ல உத்தி. தண்ணீர் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்ல நம்மூர் வீடுகளுக்கு வாய் வராது. சொம்போடு வருபவர் கதவைத் திறந்துகொண்டுதான் வருவார்.

ரசீதுக்கட்டு | 13 ஜூன் 2025

உத்தியாகக் கேட்பதைத்தான் எதிர்க்கிறேன். வீட்டில் பெண்மணி தனியாக இருந்து, தண்ணீர் எடுக்க உள்ளே போகும் அரை நிமிடம் கதவு திறந்து கிடந்தால், பிறகு எது காணாமல் போனாலும் வந்துபோன ஆள் நீங்கள்தான். ஒரு லிட்டர் பாட்டில் பையில் இருக்கட்டும். அவர்களாகக் கொடுத்தால் வாங்கலாம்.

இரண்டாம்மாடி | 15 ஜூன் 2025

யோசித்துப் பார்த்தால் ரசீதுக்கட்டு சொல்வது சரி. தண்ணீர் பற்றி மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கத்திரி வெயிலில் மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் கேளுங்கள், அது உத்தி இல்லை.

கூட்டல்கழித்தல் | 21 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயில் கூழ் வசூல், தீமிதி வசூல், அடுத்து ஆகஸ்ட் 27 பிள்ளையார் சதுர்த்தி வரை தெருவுக்கு மூன்று ரசீது புத்தகம் சுற்றும். அவர்களோடு போட்டி போட முடியாது: தெருப் பையன்கள், முகம் தெரியும், கொடுக்காவிட்டால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். இந்த ஐந்து வாரம் தனி வீடுகள் உள்ள பழைய தெருக்களை விட்டு, வெளியார் வசூல் நுழையாத பெரிய அப்பார்ட்மெண்ட்களில் மேஜை போட அனுமதி வாங்குவது லாபம்.

வாசல்படி | 22 ஜூலை 2025

80, 90 வயதுப் பெரியவர்கள்தான் பகலில் கதவைத் திறக்கிறார்கள், பொறுமையாகவும் கேட்கிறார்கள். அவர்களைச் சேர்க்கலாமா? டார்கெட் அதில் சுலபமாக முடியும் என்கிறார்கள்.

ரசீதுக்கட்டு | 22 ஜூலை 2025

முடியும். பொறுமையாகக் கேட்பது தனிமையால், உங்கள் நோக்கத்தால் இல்லை. வயது என்ன என்பதைவிட, விஷயம் புரிந்ததா என்பதுதான் அளவுகோல். படிவம் எடுக்கும் முன் அவர் வாயாலேயே மூன்று விஷயம் வர வேண்டும்: எவ்வளவு, மாதாமாதமா ஒரு தடவையா, எந்தக் கணக்கிலிருந்து. நீங்கள் சொல்லி அவர் தலையாட்டினால் செல்லாது. "போன மாசமும் யாரோ வந்தாங்க, நீதானா அது?" என்று கேட்டால், "பையன்கிட்ட கேக்கணும்" என்றால், பென்ஷன் வரும் தேதி குழம்பினால், துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். பென்ஷன் கணக்கில் இருப்பு இல்லாமல் நாச் திரும்பினால் வங்கி நன்கொடையாளரிடம் அபராதமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிக்கும். 600 ரூபாய் தர்மத்துக்கு அதில் பாதியளவுக்கு அபராதம் கட்டியவர் வாழ்நாளில் யாருக்கும் கதவு திறக்க மாட்டார்.

இன்னொன்று, "ஒரு நாளைக்கு 20 ரூபாய்தான்மா" வசனம். குறுஞ்செய்தியில் வரப்போவது 600. 600 என்றே சொல்லுங்கள்.

கூட்டல்கழித்தல் | 3 ஆகஸ்ட் 2025

காகிதப் படிவத்துக்குப் பதில் போன் செயலியிலேயே மாதப் பிடித்தத்துக்கு அனுமதி கொடுக்கும் யுபிஐ ஆட்டோபே பக்கம் போனவர்களுக்கு: ஆகஸ்ட் 1 முதல் மாதப் பிடித்தங்கள் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் ஓடும், அதாவது காலை 10க்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9:30க்குப் பின். ஒரு முயற்சி, அதன்பின் 3 மறுமுயற்சி, அதோடு சரி. எனவே பிடித்தத் தேதி முக்கியம். சம்பளக்காரருக்கு 3 முதல் 7ஆம் தேதிக்குள். 1ஆம் தேதி வைத்தால் சம்பளம் வரும் முன் அடிக்கும், 10 தாண்டினால் வீட்டுக் கடன் தவணை முந்திக்கொள்ளும்.

ஆட்டோபேயில் கையெழுத்துத் தொல்லை இல்லை. ஆனால் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போகும், அதே செயலியில் இரண்டு தட்டில் நிறுத்தவும் முடியும். வாசலில் போட்டது எதுவென்று அவருக்கு ஞாபகம் இருந்தால்தான் நிற்கும்.

ரசீதுக்கட்டு | 3 ஆகஸ்ட் 2025

அதில் அடிக்கடி நடக்கும் கோளாறு: கியூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் ஏஜென்சியின் பெயரோ கட்டணச் சேவையின் பெயரோ வரும். அடுத்த மாத அறிவிப்பிலும் அதே பெயர்தான். "இது யார்?" என்று ரத்து செய்துவிடுவார். திரையில் என்ன பெயர் வருகிறது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே பார்த்துவைத்து, வாசலில் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் போனை நீங்கள் கையில் வாங்காதீர்கள், அவரே கொடுத்தாலும். பின் எண் போடும்போது முகத்தை வேறு பக்கம் திருப்புங்கள், திருப்புவது அவருக்குத் தெரிகிற மாதிரி.

வாசல்படி | 5 ஆகஸ்ட் 2025

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மகன் "நான் கொடுக்கிறேன்" என்றால் ஜாக்பாட்தானே?

ரசீதுக்கட்டு | 5 ஆகஸ்ட் 2025

பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் எங்கே வசித்தாலும் அது உள்நாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டைக்காரர், அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் என்றால் வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள நிறுவனம், டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று இருக்கும் கணக்கில் மட்டுமே வாங்கலாம். அவர் இங்கே உள்ள கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அதேதான். உங்கள் ஜாக்பாட் படிவம் நிறுவனத்தின் பதிவுக்கே உலை வைக்கும்.

இரண்டாம்மாடி | 18 ஆகஸ்ட் 2025

"நாங்க கொடுக்கறதுல உன் சம்பளத்துக்கு எவ்வளவு போகுது?" வாசலில் வரும் கேள்விகளில் நியாயமானது இதுதான், மழுப்புபவர்கள்தான் அதிகம். "முதல் ஏழெட்டு மாதம் சேர்க்கும் செலவுக்குப் போகும், அதனால்தான் நீங்கள் தொடர்ந்து கொடுப்பது முக்கியம்" என்று கூட்டல்கழித்தல் கணக்கையே சொல்லலாம்.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பர்க் என்ற ஊர், வசூலில் 75 சதவீதம் நேரடியாகத் தொண்டுக்குப் போனால்தான் வீடு வீடாகக் கேட்கலாம் என்று விதி போட்டது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்கு போட, 1980இல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு. வாசலில் நின்று விஷயத்தைச் சொல்வதும் பணம் கேட்பதும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றன, அது பேச்சுரிமை என்பது வாதம்.

வாசல்படி | 18 ஆகஸ்ட் 2025

பார்த்தீர்களா, கடைசியில் பேச்சுதான் ஜெயித்தது!

கூட்டல்கழித்தல் | 18 ஆகஸ்ட் 2025

கோர்ட்டில். எட்டாவது மாதத்தில் இல்லை.

வாசல்படி | 20 செப்டம்பர் 2025

தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைசிச் சந்தேகம். அடுத்த வாரம் நவராத்திரி. மாலையில் கொலு வீடுகள் எல்லாம் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். போகலாமா?

இரண்டாம்மாடி | 20 செப்டம்பர் 2025

போகாதீர்கள். திறந்திருப்பது அழைத்தவர்களுக்கு. பத்து பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் 600 ரூபாய் கேட்டால் கௌரவத்துக்காகச் சரி என்பார்கள், திங்கட்கிழமை ரத்து செய்வார்கள். பேசிவைத்த வீட்டில் படிவம் வாங்க மட்டும் போகலாம், அதுவும் காலையில்.

வாசல்படி | 20 செப்டம்பர் 2025

சுண்டல் கொடுத்தால்?

ரசீதுக்கட்டு | 21 செப்டம்பர் 2025

வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கையோடு மேண்டேட்டைத் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதாது, எழுதினாலும் ஸ்கேனில் கையெழுத்து தெளிவாக வராது, திரும்பி வரும்.